பாதியில் நின்ற மானிய வீடு: விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. மூதூரில் இருக்கும் எங்கள் சின்னம்மாவுக்காகக் கேட்கிறேன்.

வீட்டுத்திட்டக் காசு அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டம் கட்டமாகத்தானே வரும்? அவருக்குச் சுவரோடு நின்றுவிட்டது. மேலே தறப்பாள். லிண்டலில் நீட்டி நிற்கும் கம்பி உப்புக்காற்றில் செதில் செதிலாக உரிகிறது. ஐப்பசி மழைக்கு முன் கூரையாவது போட வேண்டும். இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபாய்க்கு ஒரு வீடே கட்டினார்கள். இன்றைய சீமெந்து விலைக்கு அதை நினைத்தால் பெருமூச்சுத்தான்.

சிக்கல் காணியில். அனுமதிப்பத்திரம் காலமான சித்தப்பாவின் பெயரில், 1935ஆம் ஆண்டு காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தது. பின்னுரித்தாளர், அதாவது சித்தப்பாவுக்குப் பின் காணிக்கு உரியவர் என்று பத்திரத்தில் குறித்தவர், மகன்; அவர் வெளிநாட்டில். மகனின் பெயர் இருந்தாலும் மனைவிக்கு ஆயுள் உரிமை உண்டு, அது தெரியும். ஆனால் பெயர் மாற்றிவிட்டு வா என்கிறார்கள்.

பெயர் மாற்றம் முடியுமுன் கிராம சேவகரின் கடிதத்தோடு விண்ணப்பித்து யாருக்காவது கிடைத்ததா? மிச்சக் கட்டத்தைக் கேட்பதா, புதிதாக எழுதுவதா? கிண்ணியா, சம்பூர், தம்பலகாமம் பக்கம் அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பெரிய உதவி. பிரதேச செயலகத்தில் எந்தப் பிரிவில் முதலில் கேட்பது என்றும் சொல்லுங்கள். சின்னம்மாவுக்கு முழங்கால் வருத்தம், சும்மா அலைய வைக்க முடியாது.