கலைச்சொல் வேண்டல்: சாலையை அகலமாக்கியதால் புதிதாகக் கிளம்பும் போக்குவரத்து

அனைவருக்கும் வணக்கம். சாலையை அகலமாக்கியதும் புதிதாக வண்டிகள் கிளம்புவதை ஆங்கிலத்தில் ‘இன்டியூஸ்ட் டிமாண்ட்’ என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறேன். ஒரு கேள்வி வந்தது:

> ‘இன்டியூஸ்ட் டிமாண்ட்’ என்பதற்குத் ‘தூண்டப்பட்ட தேவை’ போதாதா?

சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் ‘தேவை’ என்றதும் இல்லாமல் முடியாத ஒன்று என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். இங்கே நடப்பது வேறு. நெரிசலுக்குப் பயந்து வீட்டிலேயே இருந்தவர், பக்கத்திலேயே வேலையை முடித்துக்கொண்டவர், ரயிலில் போனவர் எல்லாரும் சாலை அகலமானதும் வண்டியை எடுக்கிறார்கள். அவர்களை யாரும் தூண்டவில்லை. இடம் இருந்தது, வந்தார்கள்.

என் பரிந்துரை ‘ஊற்றுப் போக்குவரத்து’. மணலைத் தோண்டத் தோண்ட நீர் ஊறுவதுபோல, இடம் கொடுக்கக் கொடுக்க வண்டிகள் ஊறுகின்றன. உச்ச நேர நெரிசலைப் பற்றி அமெரிக்கப் பொருளாதார அறிஞர் அந்தோனி டவுன்ஸ் 1962-லேயே இதை எழுதினார். அமெரிக்கப் பெருநகர நெடுஞ்சாலைகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் டுரான்டனும் டர்னரும் 2011-இல் அளந்தே காட்டினார்கள்: தடங்களின் மொத்த நீளம் எத்தனை விழுக்காடு கூடுகிறதோ, வண்டிகள் ஓடும் மொத்தத் தொலைவும் ஏறக்குறைய அத்தனை விழுக்காடு கூடுகிறது.

முதலில் ‘ஊறுபோக்குவரத்து’ என்று எழுதிப் பார்த்தேன். ‘ஊறு’ தீங்கையும் குறிக்கும் என்பதால் விட்டுவிட்டேன்.

சாலை, பாலத் திட்ட அறிக்கைகளில் இதோடு சேர்ந்தே வருவது, பழைய வழியை விட்டுப் புதுப் பாலத்துக்கு வரும் வண்டிகள். அதற்கு ‘மடைமாறிய போக்குவரத்து’ எனலாம். இரண்டையும் கலந்துவிடக் கூடாது. மடைமாறிய வண்டி பழைய சாலையில் கொஞ்சம் இடம் விட்டுவிட்டு வருகிறது. ஊற்று வண்டி அப்படி எதையும் விட்டு வருவதில்லை. ஊற்றைச் சேர்க்காமல் கணக்குப் போட்டால் பயண நேரம் மிச்சமாவது மிகையாகத் தெரியும். அந்த மிச்சத்தை நம்பித்தானே பாலத்துக்குப் பணம் ஒதுக்குகிறார்கள்? அதனால்தான் இந்தச் சொல்லில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

அப்புறம், எதிர்ச்சொல்லும் தானாகக் கிடைக்கிறது. சியோல் நகரில் மூடப்பட்டிருந்த சோங்யேசோன் ஓடைக்கு மேலே ஓடிய உயர்மட்டச் சாலையை 2003-இல் இடிக்கத் தொடங்கி, 2005-இல் ஓடையைத் திறந்துவிட்டார்கள். பயந்த அளவு நெரிசல் வரவில்லை. பலர் பேருந்துக்கும் சுரங்க ரயிலுக்கும் மாறினார்கள். இப்படிக் குறைவதை ‘வற்றிய போக்குவரத்து’ என்றால் விளக்கமே வேண்டாம்.

‘மடைமாறிய’ என்பதில்தான் எனக்குத் தயக்கம். வயலில் மடையை மாற்றுபவர் ஒருவர் இருப்பார். சாலையில் ஓட்டுபவர்கள் தாமாகவே மாறுகிறார்கள். இதைவிடப் பொருந்தும் சொல் தோன்றினால் எழுதுங்கள்.