திருமாந்துறை டோல் தாண்டியது எனக்கு நினைவே இல்லை. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

ராத்திரிப்பயணி:
சென்னை டு மதுரை, காரில், ராத்திரி 11 மணிக்குக் கிளம்பினோம். ஏன் ராத்திரியில் என்று கேட்காதீர்கள், எல்லோரும் சொல்கிற காரணம்தான். செங்குறிச்சி டோல் தாண்டியது ஞாபகம் இருக்கிறது. அதற்கடுத்து ஞாபகம் இருப்பது பெரம்பலூர் பக்கம் முன்னால் போன பஸ்ஸின் சிவப்பு விளக்கு. நடுவில் திருமாந்துறை டோல் வந்திருக்க வேண்டுமே?

டீக்கடையில் நிறுத்திப் போனைப் பார்த்தால் ஃபாஸ்டேக் மெசேஜ் கிடக்கிறது. 3:16க்குப் பணம் பிடித்திருக்கிறார்கள். அப்படியென்றால் நான் வேகத்தைக் குறைத்து, லேன் பார்த்து நுழைந்து, கம்பி தூக்கும்வரை நின்று, மறுபடி கியர் போட்டுக் கிளம்பியிருக்கிறேன். ஒன்றுகூட மனசில் இல்லை. குடிக்கவில்லை, மாத்திரை எதுவும் போடவில்லை, கண் சொக்கியதாகவும் தெரியவில்லை. மனைவி, அம்மா, பையன் மூன்று பேரும் தூங்கிக்கொண்டு வந்தார்கள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மெசேஜையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சங்ககிரி லாரிவீடு:
கார்க்காரர்களுக்குத் தூக்கம், எங்களுக்கு நியூட்ரல். தொப்பூர் இறக்கம் தெரியும்தானே? பிளஸ் டூ லீவில் மாமா வண்டியில் கிளீனராகப் போனேன். பெங்களூரிலிருந்து ஃபுல் லோடு. இறக்கம் ஆரம்பித்ததும் மாமா கியரைத் தட்டி நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். இன்ஜின் சத்தம் அப்படியே அடங்கிப்போச்சு. காற்றுச் சத்தம் மட்டும்தான். எனக்கு அது ஜாலியாகக்கூட இருந்தது.

இரட்டைப் பாலத்துக்கு முன்னால் ஒரு நாற்றம். ரப்பரும் இரும்பும் சேர்ந்து கருகுகிற மாதிரி. மாமா பெடலை மிதிக்கிறார், மறுபடி மிதிக்கிறார். வாயே திறக்கவில்லை. எப்போதும் பேசிக்கொண்டே ஓட்டுகிற மனுஷன். எப்படியோ கியருக்குள் இழுத்துப் போட்டு ஓரம் கட்டினார். இறங்கிப் பார்த்தால் பின் சக்கரத்தில் புகை.

நியூட்ரலில் இறங்காதே என்று போர்டு வைத்திருக்கிறார்களே, படிக்கவில்லையா என்று கேட்பீர்கள். படித்தார். ஓனர் ட்ரிப்புக்கு இவ்வளவு என்று டீசல் கணக்கு வைத்திருந்தார். மிச்சம் பிடித்தால் அந்தக் காசு டிரைவருக்கு. நூறு தடவை ஒன்றும் ஆகவில்லை, நூறு தடவையும் காசு வந்தது. நூற்றியோராவது தடவை போர்டு சொல்வதை எவன் கேட்பான்?

கோவை ஸ்கூட்டி:
லாரிவீடு, உங்கள் மாமாவுக்குத் தெரிந்து செய்தார் என்ற கணக்காவது இருக்கிறது. என் கதையில் அதுவும் இல்லை.

அவிநாசி ரோட்டில் நேராகப் போகிறேன், பட்டப்பகல். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு கார் மூக்கை நீட்டி நிற்கிறது. ஓட்டுகிறவர் என்னைப் பார்க்கிறார். கண்ணுக்குக் கண். அறுபது வயசு இருக்கும், நெற்றியில் விபூதி, அதுவரை தெரிகிறது எனக்கு. பார்த்துவிட்டார் என்று நான் போகிறேன், அவர் அப்படியே வந்து முன் சக்கரத்தில் விட்டார். முட்டியில் தையல், அவ்வளவோடு போச்சு.

ஓடி வந்து தூக்கியவரும் அவரேதான். "சத்தியமா உன்னைப் பாக்கலம்மா, ரோடு காலியா இருந்துச்சு" என்றார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. பொய் சொல்கிறார் என்று அன்றைக்குத் திட்டினேன். இப்போது யோசித்தால் பொய் சொன்ன மாதிரி இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ரிட்டயர்டு நெடுஞ்சாலை:
நான் சாலை வடிவமைப்பில் இருந்தவன். எனக்கும் ஒருமுறை விக்கிரவாண்டி அருகே கண் அசந்து மீடியனில் உரசியது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்கூட்டி அம்மா, அந்தப் பெரியவர் பொய் சொல்லவில்லை. கண் பார்க்கும், மனசு பதியாது. அந்தத் தெருமுனையில் அவர் தேடியது காரையும் பஸ்ஸையும். இரு சக்கரம் ஒல்லியானது, கண்ணாடி ஓரத்துத் தூணே மறைத்துவிடும். தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும், சும்மா திருப்பினால் போதாது. நீங்கள் சக்கரத்தைப் பாருங்கள், முகத்தைப் பார்க்காதீர்கள். சக்கரம் உருண்டால் வருகிறான் என்று அர்த்தம்.

லாரித் தம்பி, நியூட்ரலில் மிச்சம் என்பதே பழைய வண்டிக் கணக்கு. இப்போது வருகிற இன்ஜினில் கியரில் விட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் வரத்தே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குக் குடிக்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று அந்தக் காலத்து டிரைவர்கள் சொன்னது டீசலுக்காக இல்லை, இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக் சூடேறாது என்பதற்காக.

பயணி சார், 100இல் போனால் ஒரு நொடிக்கு 28 மீட்டர். நாலு நொடி அசந்தால் 110 மீட்டர் ஆளில்லாத வண்டி. ராத்திரி 2லிருந்து 5 வரை உடம்பு தூங்கத்தான் கேட்கும். ஜன்னலைத் திறப்பது, பாட்டு, முகம் கழுவுவது எல்லாம் பத்து நிமிஷத்துக்குத் தாங்காது. காபி குடித்துவிட்டு உடனே இருபது நிமிஷம் படுங்கள், எழும்போது காபி வேலை செய்யும். 1961லேயே மோட்டார் தொழிலாளர் சட்டத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், 5 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வேலை கூடாது என்று எழுதிவிட்டார்கள். சம்பளத்துக்கு ஓட்டுகிறவனுக்கே அப்படி. நீங்கள் ஆபீஸ் முடித்துவிட்டுத்தானே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தீர்கள்?

சங்ககிரி லாரிவீடு:
சார், மாமா வண்டி 2005 மாடல். அவருக்கு உங்கள் கணக்கு பொருந்தாது. 8 மணி நேரச் சட்டத்தைக் கோயம்பேட்டில் தக்காளி இறக்க நிற்கிற வண்டிக்காரனிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பான். காபி யோசனை நன்றி, யாரும் கேட்கவில்லை.

ராத்திரிப்பயணி:
ஆமாம் சார், ஆபீஸ் முடித்துவிட்டுத்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று வீட்டில் பேச்சுவாக்கில் சொன்னேன். பையன், மூன்றாம் வகுப்பு, சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறான்: "இல்லப்பா, நான் முழிச்சுதான் இருந்தேன். அந்த டோல்ல ஸ்டிக்கர் படிக்கல, நீங்க கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தீங்க. அந்த அண்ணன்கிட்ட மழை வருமான்னு கேட்டீங்க."