நெயில் டேபிளுக்குத் தூசி உறிஞ்சி: எதை வாங்கலாம்?

வணக்கம். இரண்டு மேசை போட்ட சின்ன நெயில் சலூன் எங்களுடையது. அக்ரிலிக், ஜெல் வேலைதான் அதிகம். மேசையைத் துடைத்த கொஞ்ச நேரத்திலேயே விளக்கின் கழுத்தில் மறுபடி வெள்ளைப் படலம் படிந்துவிடுகிறது. அதோடு அசிட்டோன், மோனோமர் (அக்ரிலிக் நகத்துக்கான திரவம்) நெடி வேறு. என்னோடு வேலை பார்க்கும் பெண்ணுக்கு மாலையானால் தொண்டை கரகரக்கிறது. அதனால்தான் அவசரமாகக் கேட்கிறேன்.

படித்தவரை எனக்குப் புரிந்தது இது. ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகளில்கூட 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும், ஆனால் ஆவியைப் பிடிக்காது. சாதாரண மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது. ஆவிக்கு ஆக்டிவேட்டட் கார்பன் வேண்டும், அதுவும் நிறைந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். எல்லாவற்றையும்விட, மூக்குக்கு ஏறுவதற்கு முன்பே கையருகில் இழுத்து, குழாய் வழியாகக் கட்டடத்துக்கு வெளியே தள்ளுவதுதான் நல்லது. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

ஆனால் மேசைகள் ஜன்னலிலிருந்து தள்ளி, உள்சுவர் ஓரமாக இருக்கின்றன. இரண்டு வளைவு வைத்துக் குழாய் இழுத்தால் உறிஞ்சும் வேகம் எவ்வளவு குறையும்? மேசையில் பதிக்கும் வகை நல்லதா, வளைத்துக் கொள்கிற கை வைத்ததா? வெளியேற்றும் காற்றுக்கு ஈடாகப் புதுக்காற்று உள்ளே வர என்ன செய்தீர்கள்? அப்புறம், கார்பனை எப்போது மாற்றுவது? நெடி வரும்வரை காத்திருக்க மனமில்லை. தினமும் பயன்படுத்துகிறவர்கள் சத்தம் எப்படி என்பதையும் சொல்லுங்கள்.