அஞ்சு சென்ட் புல்தரைக்குப் பத்துக் குடம் தண்ணி போதுமா?

பாளை மாடிவீடு: நேத்து இங்க ஒருத்தர், "வீட்டு முன்னால அஞ்சு சென்ட்ல புல்தரை போடுங்க, தினம் பத்துக் குடம் தண்ணி ஊத்துனாப் போதும், வேற வேலையே கிடையாது"ன்னு எழுதியிருக்காரு. படிச்சதுல இருந்து வயிறு எரியுது. நானும் அஞ்சு சென்ட்தான் போட்டேன், ஆறு வருசமாப் படுதேன். அஞ்சு சென்ட்னா 200 சதுர மீட்டர். சித்திரை வெயில்ல ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் அளவுக்காவது தண்ணி இறங்கணும். ஒரு சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் நின்னா 1 லிட்டர். பெருக்கிப் பாருங்க, 1,000 லிட்டர். பத்துக் குடம் வெறும் 150. புல்லோட வேர் வரைக்கும் ஈரமே போவாது.

தென்காசிச் சாரல்: அந்த ஒருத்தர் நான்தான். பேரைச் சொல்லியே கேக்கலாமே அண்ணாச்சி. எங்க வீட்டுல பத்துக் குடந்தான். புல்லு பச்சைப் பசேல்னு நிக்கு.

பாளை மாடிவீடு: நிக்கத்தான் செய்யும். ஆனி, ஆடியில செங்கோட்டைக் கணவாய் வழியாச் சாரல் வந்து உமக்கு ஊத்திட்டுப் போயிருது. அதை எந்தக் குடத்துல சேத்தீரு? அந்த ரெண்டு மாசமும் எங்களுக்கு வெறுங்காத்துதான். மழைன்னா ஐப்பசி, கார்த்திகைதான். 1,000 லிட்டர்!

திசையன்விளைத் தேரி: எங்க செம்மணல்ல 1,000 ஊத்துனாலும் அரை மணி நேரத்துல காணாமப் போயிரும். லாரித் தண்ணி வாங்கி வாங்கியே என் புல்தரை ஆசை தீந்துட்டு. இப்ப வேப்பங்கன்னு வச்சிருக்கேன்.

தென்காசிச் சாரல்: எங்க வீட்டுக் குடம் பெருசு.

பாளை மாடிவீடு: எம்புட்டுப் பெருசு? 20 லிட்டர்னே வைப்போம், 200தான் வருது. மிச்சம் 800 எங்க? தண்ணியை விடுங்க, கோரையை என்ன செய்யிய? மேலாப்புல பிடுங்குனா அடியில கிழங்கு கிடந்து பத்து நாள்ல திரும்பவும் முளைக்கு. எங்க வீட்டுல அவ களைக்கொத்தியோட உக்காந்து நோண்டி நோண்டி முதுகு போச்சு. இது வேலையே இல்லையாம்!

சேரன்மகாதேவி ஆத்தங்கரை: கோரையைத் திட்டாதிய. பத்தமடைப் பாய் அதுலதான் நெய்யுதாவ.

பாளை மாடிவீடு: அது ஆத்தங்கரையில ஆள் உயரத்துக்கு வளருத கோரை. இது முழ உயரம்கூட வராத களை. பேரு ஒண்ணா இருந்தாப் பாய் நெய்ய முடியுமா?

சேரன்மகாதேவி ஆத்தங்கரை: பாய் நெய்யுத ஊருக்குப் பக்கத்துலயே பொறந்தவன் நான். எனக்கே பாடமா?

திசையன்விளைத் தேரி: புல்தரைக்குன்னு விக்குத கொரியன் புல்லை விட்டுட்டு அருகு போடுங்க. வெயில்ல காஞ்சு கிடந்தாலும் ஒரு மழைக்குத் துளுத்துரும்.

தென்காசிச் சாரல்: இவருக்கு அருகு ஆவாது. வருசம் பூரா பச்சையா இருக்கணும், போட்டோ எடுக்கணும்.

பாளை மாடிவீடு: போன தீபாவளிக்கு என் புல்வெட்டி மெஷினை வாங்கிட்டுப் போய் பிளேடு உடைஞ்சு திருப்பித் தந்தவரு பேசுத பேச்சா இது?

தென்காசிச் சாரல்: பிளேடு தரும்போதே கீறலாத்தான் இருந்துச்சு. பத்துக் குடந்தான். நான் மாத்திச் சொல்லப் போறதில்ல.

பாளை மாடிவீடு: சித்திரை பொறக்கட்டும். உங்க வீட்டு வாசல்ல உக்காந்து நானே குடத்தை எண்ணுதேன்.

தென்காசிச் சாரல்: வாரும். உம்ம குடத்தைக் கொண்டு வராதேயும், எங்க குடத்துலதான் எண்ணணும்.