டயலொக் பொத்தானுக்குள் மாறியைக் கொண்டுபோவது எப்படி?

உப்புவெளித் தம்பி: நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போகும் படகுகளுக்கு ஜாவாவில் ஒரு ஆண்ட்ரொய்ட் புக்கிங் அப் எழுதுகிறேன். பதிவை ரத்துச் செய்ய 'ஆம், இல்லை' கேட்டுத் திரையில் எழும் பெட்டி, அதாவது டயலொக் (சிம் கொம்பனி இல்லை!). 'ஆம்' பொத்தானை அழுத்தியதும் ஓடும் ஒன்கிளிக்குக்குள், வெளியே உள்ள வரிசை எண்ணை (பதிவு பட்டியலில் எத்தனையாவது என்பதை) தொட்டால், அது ஃபைனலாக, அதாவது மாறாததாக, இருக்க வேண்டும் என்று நிரலைச் சரிபார்க்கும் கொம்பைலர் கத்துகிறது. மதிப்புகளை வரிசையாக வைக்கும் அரே ஒன்றை ஓரிடம் மட்டும் வைத்து எடுத்து, அதற்குள் எண்ணைப் போட்டேன், ஓடுகிறது. நண்பன் கேவலம் என்கிறான். ஓடுதே, அப்புறம் என்ன?

மூதூரான்: கேவலம்தான் தம்பி. டயலொக்கைக் காட்டும் 'ஷோ'வைக் கூப்பிட்ட உடனேயே நிரல் அடுத்த வரிக்குப் போய்விடும், விரல் படும்வரை காத்திருக்காது. அதற்குள் அந்த நிரல் பகுதி (மெதட்) முடிந்து அதன் மாறியும் போய்விடும். அதனால்தான் ஜாவா அந்த மதிப்பை நகலெடுத்துக் கொடுக்கிறது. நகல் ஒன்று, மூலம் ஒன்று என்று ஆகிவிடக் கூடாது, அதற்குத்தான் ஃபைனல். 2014இல் வந்த ஜாவா 8இலிருந்து அந்தச் சொல்லும் வேண்டாம், ஒருமுறை வைத்த மதிப்பை மாற்றாமல் விட்டால் போதும். அரே போடுவது காவல்காரனை ஏய்ப்பது.

கோட்டையடி: ஆண்ட்ரொய்டின் மற்ற மொழியான கொட்லினில், லாம்டா என்ற பெயரில்லாத சிறு நிரல் துண்டுக்குள் மாறியை மாற்றினால், கொம்பைலரே அதை ஒரு பெட்டிக்குள் வைத்துத்தான் கொடுக்கிறது. கொம்பைலர் செய்தால் புண்ணியம், தம்பி செய்தால் பாவமா?

மூதூரான்: சரி, அது நியாயம். ஆனால் இங்கே எண்ணை வாசிக்கத்தானே வேண்டும்? புது ஃபைனல் மாறியில் போட்டால் ஒரே வரி.

கோட்டையடி: அண்ணை, அந்த எண்ணே பிழை. மீன் ஏலப் பட்டியல் ஒன்று செய்தபோது பட்டுத் தெளிந்தேன். டயலொக் திறந்திருக்க, மேலே புது வரி ஒன்று வந்து விழுந்தது. பாரையை அழிக்கப் போய் சூரையை அழித்தேன். வரிசை எண்ணை விட்டுப் பதிவு இலக்கத்தைப் பிடியுங்கள்.

உப்புவெளித் தம்பி: ஐயோ, என்னுடையதிலும் பட்டியல் தானாகப் புதுப்பிக்கும். இன்னொன்று: போனைத் திருப்பினால் டயலொக்கே காணாமல் போகிறது.

மூதூரான்: டயலொக் ஃபிராக்மென்ட்டுக்கு மாறு, திரை திரும்பினாலும் ஆண்ட்ரொய்டே டயலொக்கைத் திரும்ப உருவாக்கும். இலக்கத்தை அதன் ஆர்கியூமென்ட் பண்டிலில் (ஆண்ட்ரொய்ட் பத்திரப்படுத்தும் தகவல் பொதியில்) வை. அதை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரில் மட்டும் கொடுக்காதே, ஆண்ட்ரொய்ட் திரும்ப உருவாக்கும்போது வெறும் கன்ஸ்ட்ரக்டரைத்தான் கூப்பிடும்.

கோட்டையடி: ஒரு ரத்துப் பொத்தானுக்கு இவ்வளவா? திரையை நிமிர்த்தியே பூட்டிவிடுங்கள்.

மூதூரான்: பூட்டினாலும் டார்க் மோட் மாறினால், போனின் மொழி மாறினால் அக்டிவிட்டி (அப்பின் திரை) மறுபடி பிறக்கும். அப்போது?

கோட்டையடி: படகேறும் நேரத்தில் யார் மொழி மாற்றுவார்?

உப்புவெளித் தம்பி: அரேயை எடுத்துவிட்டேன், பதிவு இலக்கம் போட்டாயிற்று. ஃபிராக்மென்ட் நாளைக்கு. லப்டொப்பில் 6% தான் இருக்கிறது.