முன்கண்ணாடி விரிசல்: கிளெய்ம் போடறதா, கைக்காசு போடறதா?

டிஎன்38_ஓட்டுநர்:
1,497 சிசி பெட்ரோல் எஸ்யூவி, நாலு வயசு. காம்ப்ரிஹென்சிவ் பாலிசி, ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காம முழு விலை தர்ற ஆட்-ஆன்) எடுக்கலை. லாரி டயர்ல இருந்து தெறிச்ச ஜல்லி பட்டு முன்கண்ணாடியில விரிசல், ஒரு முழத்துக்கு ஓடியாச்சு. ஷோரூம் எஸ்டிமேட் வரியோட 14,500: கண்ணாடி 10,800, ஓர ரப்பர் 900, சீலன்ட்டும் பிரைமரும் 1,200, லேபர் 1,600. “கண்ணாடிக்கு டிப்ரிசியேஷனே கிடையாது, கைக்காசு ஆயிரம்தான் ஆகும், கிளெய்ம் போடுங்க”ங்கறார் சர்வீஸ் அட்வைசர். வெளியில கண்ணாடிக் கடையில 8,500 சொல்றாங்க. எதுல போறது?

பாலிசிபுலி:
கிளெய்ம்தான். 2002 மோட்டார் டாரிஃப் வாசகத்துல கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானம் பூஜ்யம். ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி, டயருக்கு 50 சதவீதம், ஃபைபருக்கு 30. இரும்பு, தகரம் எல்லாம் வண்டி வயசைப் பொறுத்து ஏறும். நாலு வருஷம் தாண்டின வண்டிக்கு அது 35. கண்ணாடிக்கு மட்டும் வண்டி பத்து வயசானாலும் முழு விலை. அதனால வெறும் கண்ணாடி உடைஞ்சதுக்கு ஜீரோ டெப் இல்லையேன்னு வருத்தப்பட வேண்டியதே இல்லை.

கட்டாயக் கழிவு, அதாவது ஒவ்வொரு கிளெய்ம்லயும் நாம போட்டே ஆக வேண்டிய தொகை, 1,500 சிசி வரைக்கும் 1,000, அதுக்கு மேல 2,000. உங்க வண்டி மூணு சிசி வித்தியாசத்துல தப்பிச்சிருக்கு. வருஷா வருஷம் பிரீமியம் கட்டறது இதுக்குத்தானே?

கணக்குப்பிள்ளை:
புலி, பாதிக் கணக்கைச் சொல்லிட்டு நிறுத்திட்டீங்க. முதல்ல அந்த “ஆயிரம்தான்” பொய். ரப்பர் 900-ல பாதி, 450 வெட்டு. சீலன்ட், பிரைமரை ‘கன்ஸ்யூமபிள்’னு (ஒரு தடவையோட தீர்ந்துபோற பொருள்) தள்ளிட்டா இன்னொரு 1,200. அந்த ஆட்-ஆன் இல்லாதவங்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் நடக்குது. கட்டாயக் கழிவு 1,000. ஆக கைக்காசு 2,650, கம்பெனி தர்றது 11,850.

அடுத்தது என்.சி.பி., அதாவது கிளெய்ம் போடாத வருஷங்களுக்காக ரினியூவல்ல தர்ற தள்ளுபடி. ஒரு கிளெய்ம் போட்டாலே அது பூஜ்யம். ஆயிரம் ரூபாய்க்குப் போட்டாலும் லட்சத்துக்குப் போட்டாலும் ஒண்ணுதான். வருஷா வருஷம் படி ஏறறது 20, 25, 35, 45, 50 சதவீதம். 50-ல இருக்கறவர் கிளெய்ம் போட்டா அடுத்த ரினியூவல்ல இழப்பு 50 சதவீதம், அதுக்கடுத்த வருஷங்கள்ல 30, 25, 15, 5. கூட்டினா 125. அதாவது ஒரு வருஷ ஓ.டி. (சொந்த வண்டி சேதத்துக்கான) பிரீமியத்தைப் போல ஒண்ணேகால் மடங்கு. என்.சி.பி.க்கு முந்தைய ஓ.டி. 8,000 இருந்தா 10,000 போச்சு. அதுமேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தா 11,800. கம்பெனி தர்றது 11,850. நாலு தடவை ஷோரூமுக்கு அலைஞ்சு ஐம்பது ரூபாய் லாபம்!

பாலிசிபுலி:
இந்த 125-ஐ எல்லா இடத்துலயும் ஒட்டறாங்க, அதுல ஒளிஞ்சிருக்கற நிபந்தனையை யாரும் சொல்றதில்லை: அடுத்த அஞ்சு வருஷமும் ஒரு கிளெய்ம்கூட வரக்கூடாது. நம்ம ஊர் டிராஃபிக்ல அது நடக்கற காரியமா? அடுத்த வருஷமே யாராவது பின்னாடி இடிச்சு டிக்கி கதவு போச்சுன்னா அந்த என்.சி.பி. எப்படியும் போகப்போறதுதான். அப்போ கண்ணாடி கிளெய்மால வந்த இழப்பு முதல் வருஷ 50 மட்டும். 8,000-க்கு 4,000, வரியோட 4,720. அதைக் காப்பாத்தறதுக்காக 11,850-ஐ வேண்டாம்னு சொல்றது என்ன சிக்கனம்?

இன்னொண்ணு: வருஷா வருஷம் ஐ.டி.வி. (பாலிசியில வண்டிக்குப் போடற மதிப்பு) இறங்கும், அதோட ஓ.டி.யும் இறங்கும். நீங்க அஞ்சு வருஷத்துக்கும் அதே 8,000-ஐ வச்சுப் பெருக்கறீங்க.

அதோட, இதே பாலிசி வருஷத்துல ஏற்கனவே வேற கிளெய்ம் போட்டிருந்தா என்.சி.பி. போயாச்சு. ரெண்டாவதா கண்ணாடிக்குப் போடறதுல போறது கழிவு மட்டும்தான். அந்த நிலையில கைக்காசு போடறது சுத்த வீண்.

கணக்குப்பிள்ளை:
கடைசிப் பாயிண்ட் சரி, அதுல சண்டை இல்லை. ஐ.டி.வி.யும் சரி, வருஷம் பத்து சதவீதம் இறங்குதுன்னு வச்சா 125-க்குப் பதிலா 110 சொச்சம் வரும். ஆனா எதோட ஒப்பிடறோம்? ஷோரூமோட 14,500-ஓட இல்லை, வெளிக்கடையோட 8,500-ஓட. கிளெய்ம் வழியில கைக்காசு 2,650-ம் என்.சி.பி. இழப்பு பத்தாயிரம் சொச்சமும். வெளியில 8,500-ஓட முடிஞ்சுது. 50 சதவீதத்துல இருக்கறவருக்கு நிக்கவே நிக்காது.

எல்லாருக்கும் 125 இல்லைங்கறதும் உண்மை. இப்போ பாலிசியில எந்தப் படியில இருக்கீங்களோ அதை வச்சு மொத்த இழப்பு மாறும்: 0-ல இருந்தா 50, 20-ல 80, 25-ல 105, 35-ல 120, 45-லயும் 50-லயும் 125. புது வண்டி முதல் வருஷத்துல உடைஞ்சா புலி சொல்றபடி தாராளமா போடலாம்.

சர்வே_மேசை:
ரெண்டு பேரும் கிளெய்ம் பாஸ் ஆயிடும்னு வச்சுப் பேசறீங்க. கண்ணாடி கிளெய்ம் எங்க அடிபடுதுன்னும் கொஞ்சம் பாருங்க.

பாலிசி தர்றது வெளியிலிருந்து வந்த விபத்துக்கு. கல் பட்டா உண்டு, தேங்காய் விழுந்தா உண்டு, புயல்ல கிளை முறிஞ்சு விழுந்தாலும் உண்டு. வைப்பர் தேய்ச்ச கோடு, வருஷக்கணக்கா மணல் பட்டு மங்கினது இதெல்லாம் தேய்மானம், கிடையாது. விரிசலுக்கு ஒரு தொடக்கப் புள்ளி இருக்கணும். கல் பட்ட இடத்துல நகத்தை ஓட்டினா சின்னக் குழி தட்டுப்படும், அதைச் சுத்தி நட்சத்திரம் மாதிரி பிளவு இருக்கும். அந்தக் குழிக்குள்ள அழுக்கு கறுப்பா ஏறியிருந்தா ‘பழசு’ன்னு கேள்வி வரும். அதனால கல் பட்ட அன்னிக்கே போட்டோ எடுங்க. நம்பர் பிளேட்டோட முழு முன்பக்கம் ஒண்ணு, குழிகிட்ட பேனா முனையை வச்சு ஒண்ணு, உள்ளேருந்து ஒண்ணு. அன்னிக்கே கிளெய்ம் நம்பரும் வாங்கிடுங்க. ஆய்வு முடியறதுக்கு முன்னாடி கண்ணாடியைக் கழட்டிட்டு பில்லை நீட்டினா சிக்கல்தான்.

பாலிசி நடுவுல காலாவதியாகி, வண்டியைப் பார்த்துட்டுப் புதுசாக் கொடுத்திருந்தா அந்தப் பழைய இன்ஸ்பெக்ஷன் போட்டோவைத் தோண்டி எடுப்பாங்க. அதுல விரிசல் இருந்தா அந்தக் கண்ணாடிக்குப் பணம் வராது.

போன மாசத்து பம்பர் கீறலையும் இந்த வாரத்து விரிசலையும் ‘ஒரே விபத்து’ன்னு எழுதச் சொல்ற அட்வைசர்கள் உண்டு. எழுதாதீங்க. ரெண்டு சம்பவம்னா ரெண்டு கிளெய்ம், ரெண்டு கழிவு. கல்லுக்கு எஃப்.ஐ.ஆர். தேவையில்லை. கண்ணாடியை உடைச்சுப் பையைத் திருடிட்டுப் போயிருந்தா போலீஸ் ஸ்டேஷன் போய் குறைஞ்சது சி.எஸ்.ஆர்.ஆவது (புகார் கொடுத்ததுக்கான ரசீது) வாங்கணும். அப்பவும் கண்ணாடிக்குத்தான் காசு, பைக்கு இந்தப் பாலிசியில இல்லை.

டிஎன்38_ஓட்டுநர்:
கிளெய்ம் போட்டுட்டு, ரினியூவல்ல வேற கம்பெனிக்கு மாறி ‘கிளெய்ம் எதுவும் இல்லை’ன்னு டிக் பண்ணிடலாம்னு ஒருத்தர் ஐடியா கொடுத்தார். அது?

சர்வே_மேசை:
வேண்டவே வேண்டாம். புதுக் கம்பெனி பழைய கம்பெனிகிட்ட கேட்டு உறுதி பண்ணும். பிரபோசல்ல நீங்க கையெழுத்துப் போடற உறுதிமொழியிலயே இருக்கு: என்.சி.பி. தகவல் பொய்யின்னா பாலிசியோட முதல் பகுதி, அதாவது சொந்த வண்டி சேதப் பலன், பறிபோகும். சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய், நாளைக்கு வண்டியே நொறுங்கும்போது கைவிரிச்சுடுவாங்க.

பாலிசிபுலி:
அதுக்கு நேர் வழி என்.சி.பி. புரொடெக்ட் ஆட்-ஆன். கிளெய்ம் போட்டாலும் படி இறங்காது. கண்ணாடி மட்டும்னா கணக்குல எடுக்க மாட்டோம்னு தனி வரியே போட்டிருக்கற பாலிசிகளும் இருக்கு. எல்லாத்துலயும் இருக்காது, அதனால வாசகத்தைப் படிச்சுட்டு வாங்குங்க. வருஷத்துக்கு எத்தனை கிளெய்ம் வரைக்கும், கம்பெனி மாறினா செல்லுமான்னும் பாருங்க. உடைஞ்ச பிறகு ஓடிப்போய் எடுத்தா பிரயோஜனம் இல்லை.

ஒட்டுக்கண்ணாடி:
காசுக் கணக்கு போதும், வேலைக்கு வருவோம். 8,500-ம் 10,800-ம் ஒரே சரக்கா? அதை யாருமே கேட்கலை.

முன்கண்ணாடி லாமினேட்டட்: ரெண்டு கண்ணாடித் தகடு, நடுவுல பி.வி.பி.ங்கற பிளாஸ்டிக் பிலிம். கல் பட்டா வெளித்தகடு மட்டும்தான் பிளக்கும், உதிராது. கதவுக் கண்ணாடி டெம்பர்டு, பட்டா பொடிப்பொடியா கொட்டிடும். வெளிக்கடையில வாங்கறதா இருந்தா கண்ணாடியோட கீழ் மூலையில இருக்கற முத்திரையைப் படிங்க. ஐ.எஸ். 2553 குறியும் தயாரிப்பாளர் பேரும் இருக்கணும். ஷோரூம் கண்ணாடியையே ஏ.ஐ.எஸ்., செயின்ட்-கோபேன் செக்யூரிட் மாதிரி கம்பெனிகள்தான் பல வண்டிகளுக்குச் செஞ்சு தர்றாங்க. அதே முத்திரையில கார் கம்பெனி லோகோ இல்லாம வெளியில விலை குறைவாக் கிடைக்கும், அது நல்ல சரக்கு. முத்திரையே இல்லாததைத் தொடாதீங்க. ‘கூலிங்’னு சொல்லி இருட்டுக் கண்ணாடி மாட்டிக்காதீங்க, முன்னாடி 70 சதவீத வெளிச்சம் உள்ளே வரணும்ங்கறது சட்டம்.

வேலை கெடறது ஒட்டுறதுலதான். பழைய பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்ட்டை வெட்டும்போது பிளேடு தகரத்துல கீறினா, அந்தக் கீறலுக்கு பிரைமர் போட்டே ஆகணும். விட்டா ரெண்டு மழைக்காலத்துல ஃபிரேம் துரு பிடிச்சு தண்ணி டேஷ்போர்டுக்குள்ள இறங்கும். பழைய சீலன்ட்ல ஒண்ணு ரெண்டு மில்லி மீட்டர் விட்டுட்டு அதுமேலதான் புதுசை இழுக்கணும், அதுவும் விடாம ஒரே இழுப்பா. பி.யு. டியூப்ல போட்டிருக்கற நேரம் வரைக்கும் வண்டியை எடுக்கக்கூடாது. அன்னிக்கு முழுக்க ஒரு கதவுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைங்க. எல்லாத்தையும் மூடிட்டு கதவை ஓங்கி அறைஞ்சா உள்ளே ஏறுற காத்து காயாத சீலன்ட்டைத் தள்ளிடும். பயணி பக்க ஏர்பேக் விரியும்போது பல வண்டிகள்ல அது சாயறது இந்தக் கண்ணாடி மேலதான். அதனால இதுல சிலிக்கான் டியூப் வச்சு ஒப்பேத்தற கடைக்காரர்கிட்ட இருந்து எழுந்து வந்துடுங்க.

உங்க வண்டியில அடாஸ் கேமரா (சாலையைப் பார்த்து ஓட்டுநருக்கு உதவுற கேமரா) உண்டா?

டிஎன்38_ஓட்டுநர்:
இல்லை. மழை சென்சாரும் இல்லை.

ஒட்டுக்கண்ணாடி:
அப்போ வெளிக்கடை தாராளமா போதும். அடாஸ் இருந்திருந்தா ஷோரூம்தான்னு சொல்லியிருப்பேன். ரியர்வியூ மிர்ரர் பின்னாடி இருக்கற கேமராவோட பிராக்கெட் கண்ணாடியிலயே ஒட்டி வரும், அது மயிரிழை மாறினாலும் கேமரா சாலையைத் தப்பாப் பார்க்கும். மாத்தினதும் குறி பலகை வச்சோ ஓட்டிப் பார்த்தோ காலிபிரேஷன் செய்யணும். கிளெய்ம்னா அந்தச் செலவை எஸ்டிமேட்லயே ஏத்தி அனுமதி வாங்கணும், அப்புறமா நீட்டின பில்லுக்குப் பணம் வாங்கறது குதிரைக்கொம்பு.

படிக்கறவங்களுக்கு ஒண்ணு: விரிசல் ஓடாம அஞ்சு ரூபாய் நாணயத்துக்குள்ள அடங்கற குழின்னா மாத்தவே வேண்டாம். ஓட்டுநர் பார்வைக்கு நேராவோ ஓரத்துலயோ இல்லைன்னா ரெசின் ஏத்தி யு.வி. விளக்குல காய வச்சிடலாம். செலவு மாத்தறதுல ஒரு சின்ன பங்குதான். கடைக்குப் போற வரைக்கும் குழி மேல செல்லோடேப் ஒட்டுங்க. வெயில்ல நின்ன வண்டியில ஏ.சி.யை முன்கண்ணாடிக்குத் திருப்பாதீங்க, ‘டப்’புனு ஓடிடும்.

டிஎன்38_ஓட்டுநர்:
பாலிசி ஷெட்யூலை எடுத்துப் பார்த்தேன். டிஸ்கவுன்ட் போக, என்.சி.பி.க்கு முன்னாடி ஓ.டி. 5,100. இப்போ படி 25.

கணக்குப்பிள்ளை:
25-ல மொத்த இழப்பு 105 சதவீதம், அதாவது 5,355. வரியோட 6,319. கைக்காசு 2,650 சேர்த்தா 8,969. வெளிக்கடை 8,500-க்குப் பக்கத்துல வந்துடுச்சு. ஐ.டி.வி. இறக்கத்தையும் பார்த்தா, வெளிக்கடையை விடக் கொஞ்சம் கம்மியாக்கூட முடியும். ஷோரூம் கண்ணாடிதான் வேணும்னா உங்க விஷயத்துல கிளெய்ம் போடறது தப்பில்லை.

பாலிசிபுலி:
டிஎன்38, ஒரு நிமிஷம். ஓ.டி. இவ்வளவு இறங்கியிருக்கே. அதே பக்கத்துல ‘வாலன்டரி டிடக்டிபிள்’னு ஒரு வரி இருக்கா பாருங்க.

டிஎன்38_ஓட்டுநர்:
இருக்கு. 5,000.

பாலிசிபுலி:
அப்போ போடாதீங்க. அது கட்டாயக் கழிவுக்கு மேல தனியாக் கழியும். கம்பெனி தர்றது 11,850 இல்லை, 6,850. அதுல 6,319 என்.சி.பி.யில போயிடும். ஆன்லைன்ல பிரீமியம் குறையுதேன்னு அந்தக் கட்டத்தை டிக் பண்றவங்க நிறைய. சின்ன கிளெய்ம் எல்லாத்தையும் விலை பேசி வித்துட்டதா அர்த்தம். அடுத்த ரினியூவல்ல அதை நீக்கிட்டு, என்.சி.பி. புரொடெக்ட் என்ன விலைன்னு கேளுங்க.

கணக்குப்பிள்ளை:
புலியே கிளெய்ம் வேண்டாம்ங்கறார், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கறேன்.

ஒட்டுக்கண்ணாடி:
வெளிக்கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஃபாஸ்டேக் கொடுத்த பேங்க்ல மாற்று ஸ்டிக்கர் கேட்டு வைங்க. பழசை உரிச்சு ஒட்ட முடியாது, உரிக்கும்போதே உள்ளே இருக்கற ஆன்டெனா கிழிஞ்சிடும். 8,500-ல ஓர ரப்பரும் சேர்த்தியான்னும் இப்பவே கேட்டுக்கோங்க. பழைய ரப்பரையே திருப்பி மாட்டினா நூறு கி.மீ. வேகத்துல காத்துச் சத்தம் கேட்கும்.