நம்ம குடும்பம் குரூப்: டிவி மசோதா, சனிக்கிழமை கடைசி

[7/12/2023, இரவு 8:42] வித்யா: டிவிக்கும் ஓடிடிக்கும் (நெட்ல படம், தொடர் காட்டுற ஆப்) மத்திய அரசு கொண்டுவர்ற ஒளிபரப்புச் சேவைகள் ஒழுங்குமுறை வரைவு மசோதாவுக்குக் கருத்து அனுப்ப 9ஆம் தேதி சனிக்கிழமை கடைசி. யாரெல்லாம் அனுப்பியாச்சு?

[8:43] கார்த்தி: நான் ஆன்லைன் மனுல கையெழுத்து போட்டேனே

[8:43] வித்யா: அது போதாது. தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு உன் பேர்ல தனி மெயில் போகணும்

[8:45] கீதா அத்தை: கார்த்தி, வேளச்சேரில தண்ணி வடிஞ்சுதா?

[8:46] கார்த்தி: வடியுது அத்தை. கரண்ட் மத்தியானம் வந்துச்சு

[8:49] பெரியப்பா: கட்டுப்பாடு இல்லன்னா என்ன வேணா காட்டுவான். குழந்தைங்க இருக்கிற வீடு. நான் அனுப்பப் போறதில்ல.

[8:57] சுந்தரம் மாமா: அண்ணா, கட்டுப்பாடே வேண்டாம்னு யாரும் கேக்கல. இப்பவே நிறைய இருக்கு. 1994 கேபிள் விதிகள்ல 6(5) பாருங்க: குழந்தைங்க அதிகமா பாக்கிற நேரத்துல அவங்களுக்கு ஒவ்வாத நிகழ்ச்சி போடக் கூடாது. பொழுதுபோக்கு சேனல்கள் 2011ல தாங்களே வெச்சுக்கிட்ட விதிப்படி பெரியவங்களுக்கான நிகழ்ச்சி ராத்திரி 11லேர்ந்து காலை 5 வரைக்கும்தான். ஏ சான்று படம்னா வெட்டி, மறுபடி யு/ஏ வாங்காம டிவிக்கே வராது. நாம எதிர்க்கிறது இந்த மசோதாவோட 24ஆம் பிரிவை. ஒவ்வொரு சேனலும், ஓடிடியும் உள்ளுக்குள்ளயே ஒரு உள்ளடக்க மதிப்பீட்டுக் குழு வைக்கணும், அது சான்று கொடுத்ததைத்தான் ஒளிபரப்பணும். குழுவுல எத்தனை பேர், கோரம் (கூட்டத்துக்குக் குறைஞ்சபட்சம் வர வேண்டியவங்க) எவ்வளவுன்னு அரசு பின்னாடி விதியில சொல்லுமாம். சீரியல் எபிசோடு பல நாள் ஒளிபரப்புக்குச் சில மணி நேரம் முன்னாடிதான் எடிட்டிங்லேர்ந்து வெளிய வரும். அதைக் குழு பாத்து, ஆட்சேபம் சொல்லி, திருத்தி அனுப்ப நேரம் எங்க இருக்கு? அதனால எழுதும்போதே வம்பில்லாத கதையா எழுதுவாங்க. சாதி, போலீஸ் வன்முறை, பெண்ணோட உடம்பு பத்தின பேச்சு இதெல்லாம் முதல்ல போயிடும். எனக்கு இதுதான் பெரிய கவலை.

[8:58] கார்த்தி: 👍

[8:58] கீதா அத்தை: மாமா பாரா பிரிச்சு போடுங்க, கண்ணு வலிக்குது

[9:01] பெரியப்பா: 11 மணி விதி நல்லதுதானே. அது போதாதா?

[9:04] வித்யா: 11 மணிக்கு டிவில வந்தது காலைல ஆப்ல இருக்கு பெரியப்பா. கடிகாரம் அங்க வேலை செய்யாது. பூட்டு வேலை செய்யும். 2021 ஐடி விதிகள்ல ஓடிடிக்கு யு, 7+, 13+, 16+, 'ஏ'ன்னு வயசு வகை இருக்கு. 13+லேர்ந்து மேல பேரன்டல் லாக் கட்டாயம். டிவிக்கும் இதையே கேப்போம்

[9:05] வித்யா: செட்டாப் பாக்ஸ்லயும் லாக் இருக்கு. ஆனா பலபேர் கம்பெனி கொடுத்த பின் நம்பரையே விட்டுடறாங்க, 0000 இல்லன்னா 1234. பிள்ளைங்க ரெண்டே தடவைல திறந்துடும். முதல்ல அதை மாத்துங்க

[9:06] கீதா அத்தை: அப்பா அந்தக் கால டிவிக்கு மரக்கதவு போட்டுப் பூட்டுவாரே. சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு கேளுங்க 😄

[9:06] பெரியப்பா: அந்தப் பேச்சு இப்ப எதுக்கு கீதா

[9:07] கார்த்தி: 🤐

[9:12] சுந்தரம் மாமா: நேரக் கட்டுப்பாடு எங்க போய் முடியும்னு 2017 டிசம்பர்ல பாத்தோம். ஆணுறை விளம்பரம் காலை 6லேர்ந்து இரவு 10 வரைக்கும் கூடாதுன்னு அமைச்சகம் அறிவுரை விட்டுச்சு. எதிர்ப்பு வந்ததும், ஆபாசமா இருக்கிறதுக்கு மட்டும்தான்னு விளக்கம் சொன்னாங்க. ஜனங்க சத்தம் போட்டப்புறம்தான் அந்த விளக்கம் வந்துச்சு.

[9:14] கார்த்தி: சரி, மெயில்ல என்ன எழுதணும்? சுருக்கமா

[9:20] சுந்தரம் மாமா: ஒரே பக்கம். மேல பேரு, முகவரி. அப்புறம் பிரிவு எண், ஆட்சேபம், அதுக்குப் பதிலா என்ன வாசகம் வேணும், காரணம். "கருத்துச் சுதந்திரம் வாழ்க"ன்னு மட்டும் எழுதினா பிரிவு எண் இல்லாததால எந்தத் தலைப்புலயும் சேராது. 24ஆம் பிரிவுக்கு: "நீக்குக, பதிலாக ஒளிபரப்பாளரே வயது வகைப்பாடும் பூட்டும் தரட்டும்." 19ஆம் பிரிவுக்கு: நிகழ்ச்சி விதித்தொகுப்பை (எதைக் காட்டலாம், எதைக் கூடாதுங்கிற விதிகளை) அரசு பின்னாடி எழுதிக்கலாம்னு விடாம, மசோதாவுலயே வரையறை வேணும். இப்ப இருக்கிற கேபிள் விதி 6(1)(அ) "நல்ல ரசனை"க்கு விரோதமா எதுவும் கூடாதுங்குது. அரசியலமைப்பு 19(2)ல கண்ணியம், ஒழுக்கம் இருக்கு, ரசனை இல்ல. இதை அவசியம் எழுதுங்க. பிடிஎஃப்பா இணைச்சு, மெயில் உள்ளயும் ஒட்டுங்க, உங்களுக்கே ஒரு காப்பி போடுங்க.

[9:21] வித்யா: அப்படியே ஃபார்வர்ட் பண்ணாதீங்க. ஒரே வாசகம் ஐந்நூறு வந்தா ஒண்ணாக் கட்டி வெச்சிடுவாங்க. காரணத்தை உங்க வார்த்தைல எழுதுங்க

[9:23] கீதா அத்தை: தமிழ்ல எழுதலாமா?

[9:24] வித்யா: எழுதுங்க அத்தை. கூடவே இங்கிலீஷ்ல ஒண்ணு நான் போட்டுத் தரேன்

[9:25] கார்த்தி: இதெல்லாம் படிப்பாங்களா?

[9:28] சுந்தரம் மாமா: சட்டம் கொண்டுவர்றதுக்கு முன்னாடி மக்கள்கிட்ட கருத்து கேக்கணும்ங்கிற 2014 முன்கலந்தாய்வுக் கொள்கைப்படி, வந்த கருத்துகளோட சுருக்கத்தை இணையதளத்துல போடணும். போடலன்னா ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்டம்) மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய், 30 நாள்ல பதில் வரணும். அனுப்பின மெயில் கையில இருந்தாத்தான் "என் கருத்து எங்க"ன்னு கேக்க முடியும்.

[9:30] கீதா அத்தை: சீமந்தத்துக்கு ஹால் சொல்லியாச்சா? 20க்குள்ள அட்வான்ஸ் கேக்கறாங்க

[9:31] வித்யா: அத்தை 🙏 அது சீமந்தம் குரூப்ல

[9:37] பெரியப்பா: 24 பத்தி மட்டும் எழுதறேன். 11 மணி விதி இருக்கணும்னும் சேத்து எழுதுவேன்.

[9:38] சுந்தரம் மாமா: எழுதுங்கண்ணா. அதுவும் கருத்துதான்.

[9:40] கார்த்தி: நாளைக்கு நெட் இருந்தா அனுப்பறேன்